மின்னஞ்சல் செயலிக்குள் நாள்காட்டி வேண்டுமா?

கைபேசியில் மின்னஞ்சலுக்கு ஒரு செயலியும் நாள்காட்டிக்கு வேறொரு செயலியும் வைத்துக்கொள்வதா, அல்லது மின்னஞ்சல் செயலிக்குள்ளேயே நாள்காட்டியும் இருந்துவிடுவது நல்லதா என்ற கேள்விக்குப் பெரிய நிறுவனங்களே ஒரே விடை சொல்லவில்லை. ஆப்பிள் 2007-இல் முதல் ஐபோனை வெளியிட்டபோதே இரண்டையும் தனித்தனியாக வைத்தது. இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறது. கூகுள் 2004-இல் ஜிமெயிலையும் 2006-இல் கூகுள் காலண்டரையும் தொடங்கியது. கைபேசியிலும் அவை இரண்டு செயலிகள்தாம். மாறாக, மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கிலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மெயில் செயலியிலும் அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாள்காட்டியும் உண்டு. தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளில் இரண்டு நிலையும் உண்டு. அதன் கணினிப் பதிப்போடு 2015 முதல் நாள்காட்டி சேர்ந்தே வருகிறது. ஆனால் 2024 அக்டோபரில் வெளிவந்த ஆண்ட்ராய்டு பதிப்பு மின்னஞ்சலை மட்டுமே கையாளும் செயலியாக வந்தது.

இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அஞ்சலில் வரும் அழைப்பைச் செயலி புரிந்துகொள்ள வேண்டுமா என்பது ஒன்று. செயலிக்கென்று சொந்தமாக ஒரு நாள்காட்டி வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் விடை, கட்டாயம் வேண்டும் என்பது. இரண்டாவதற்கு, பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வேண்டாத வசதி கிடைத்து, வேண்டிய வசதி கிடைக்காமல் போகிறது. அதை விளங்கிக்கொள்ள, அழைப்பு என்பது என்ன, அது எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வேலைக்கு விண்ணப்பித்த ஒருவருக்கு நேர்காணல் அழைப்பு மின்னஞ்சலில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அஞ்சலின் அடியில் ‘ஐசிஎஸ்’ என்று முடியும் பெயரோடு ஒரு சிறிய கோப்பு இணைந்திருக்கும். அது ஐகேலண்டர் என்ற தரநிலைப்படி எழுதப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு. 1998-இல் வகுக்கப்பட்டு 2009-இல் திருத்தி எழுதப்பட்ட அந்தத் தரநிலையைத்தான் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் என எல்லோரும் ஒருவரோடொருவர் அழைப்புகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்துகிறார்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் நிகழ்ச்சியின் தலைப்பு, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அழைப்பவரின் முகவரி, அழைக்கப்பட்டவர்களின் முகவரிகள் ஆகியவை வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். தொடங்கும் நேரம் 20250310 என்று நாளும், 090000 என்று மணியும், இறுதியில் ‘இசட்’ என்ற ஓர் எழுத்துமாகக் காணப்படலாம். அந்த ஓர் எழுத்துக்கு, இது உலகப் பொது நேரம் என்று பொருள். இந்தியாவில் இருப்பவருக்கு அது காலை 9 மணி அன்று, பிற்பகல் 2.30.

மின்னஞ்சல் செயலி இந்தக் கோப்பைப் புரிந்துகொள்ளாவிட்டால், விண்ணப்பித்தவர் பார்ப்பது திறக்க மறுக்கும் ஓர் இணைப்பை மட்டுமே. சில செயலிகள் கோப்பின் எழுத்துகளை அப்படியே திரையில் காட்டிவிடும். அதில் 9 என்ற எண்ணைப் பார்ப்பவர் காலை 9 மணி என்றே எடுத்துக்கொள்வார். அஞ்சலின் உடலில் நேரத்தைத் தெளிவாக எழுதுகிறவர்களும் உண்டு என்றாலும், எல்லாம் அழைப்புக் கோப்பிலேயே இருக்கிறது என்று நம்பி உடலை ஏறக்குறைய வெறுமையாக அனுப்புகிறவர்களும் நிறையப் பேர். ஆகவே அழைப்பைப் படித்து, பெறுகிறவரின் ஊர் நேரத்துக்கு மாற்றி, கண்ணுக்குத் தெரியும்படி காட்டுவது மின்னஞ்சல் செயலியின் அடிப்படைக் கடமை என்றே நான் கருதுகிறேன்.

அதைவிட முக்கியமான விஷயம் கோப்பின் இன்னும் மூன்று வரிகளில் இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. அதை யூஐடி என்பார்கள். அந்த நிகழ்ச்சி இதுவரை எத்தனையாவது முறை திருத்தப்பட்டிருக்கிறது என்பதை இன்னொரு வரி சொல்லும். முதல் அழைப்பில் அது 0. நேரத்தையோ இடத்தையோ மாற்றி மறுபடி அனுப்பும்போது 1, 2 என்று ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது வரி, இந்த அஞ்சல் எதற்காக வந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. அழைப்பதற்காக வந்ததா, அழைப்புக்குப் பதிலாக வந்ததா, நிகழ்ச்சி இரத்தானதை அறிவிக்க வந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். சாதாரணக் கடிதம் எழுதி அனுப்பியதோடு முடிந்துவிடுகிறது, அழைப்பு அப்படியன்று. அது நிகழ்ச்சி நடந்து முடியும் வரை மாறிக்கொண்டே இருக்கக்கூடிய ஒரு நிலை. அந்த நிலையை இரு தரப்பிலும் ஒன்றாக வைத்திருப்பதற்குத்தான் இந்த மூன்று வரிகளும்.

பல கைபேசிச் செயலிகள் சறுக்குவது இங்கேதான். அழைப்பைத் தொட்டால் ‘நாள்காட்டியில் சேர்’ என்று ஒரு பொத்தான் வருகிறது, தொட்டதும் நிகழ்ச்சி நாள்காட்டியில் ஏறிவிடுகிறது, பயனர் நிம்மதியாகிவிடுகிறார். ஆனால் பெரும்பாலும் அங்கே நடப்பது, தலைப்பையும் நேரத்தையும் மட்டும் நகலெடுத்து ஒரு புதுக் குறிப்பை உருவாக்குவதுதான். அடையாள எண் அந்தக் குறிப்போடு போவதில்லை. மறுநாள் நேர்காணலை 2.30-இலிருந்து 4 மணிக்கு மாற்றி வேறொரு அழைப்பு வந்தால், அதைத் தொட்டதும் இரண்டாவதாக ஒரு குறிப்பு ஏறுகிறது, பழையது அழிவதில்லை. நேர்காணலே இரத்தாகிவிட்டாலும் இரண்டு குறிப்புகளும் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நினைவூட்டல் மணி அடிக்கும். பயனர் குற்றம் சொல்வது நாள்காட்டியை. குறையோ அழைப்பைக் கொண்டுவந்து கொடுத்த மின்னஞ்சல் செயலியினுடையது.

பதில் அனுப்புவதிலும் இதே கதைதான். ‘கட்டாயம் வருகிறேன்’ என்று மறுமொழி எழுதி அனுப்பினால், அழைத்த மனிதர் அதைப் படித்துப் புரிந்துகொள்வார். அவருடைய நாள்காட்டிக்கு அது புரியாது. அங்கே நம் பெயருக்கு எதிரில் ‘பதில் இல்லை’ என்றே இருக்கும். நாற்பது பேரை அழைத்திருக்கும் ஒருவர் ஒவ்வோர் அஞ்சலையும் படித்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், பட்டியலைத்தான் பார்ப்பார். பட்டியலில் நம் நிலை மாற வேண்டுமானால், அதே அடையாள எண்ணோடு, ஏற்றோமா மறுத்தோமா என்ற வரியையும் தாங்கிய ஒரு முறையான பதில் கோப்பு, எந்த முகவரிக்கு அழைப்பு வந்ததோ அதே முகவரியிலிருந்து போக வேண்டும். அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு மூன்று முகவரிகள் வைத்திருக்கும் ஒருவருக்கு எந்த முகவரியில் அழைப்பு வந்தது என்பது மின்னஞ்சல் செயலிக்குத்தான் உறுதியாகத் தெரியும். அதை அனுப்பும் வழியும் அதனிடம்தான் இருக்கிறது. எனவே பதில் அனுப்பும் பொறுப்பை நாள்காட்டிச் செயலியின் தலையில் கட்டிவிட்டு மின்னஞ்சல் செயலி ஒதுங்கிக்கொள்வது சரியாகாது. ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. சில நாள்காட்டி சர்வர்கள் நாம் ஏற்றதைக் கவனித்துத் தாமாகவே பதில் அனுப்பிவிடும். அத்தகைய கணக்குகளில் மின்னஞ்சல் செயலியும் அனுப்பினால் அழைத்தவருக்கு இரண்டு பதில்கள் போய்ச் சேரும்.

அழைப்பு ஏற்கப்பட்டாயிற்று, இனி அது எங்கே பதிவாக வேண்டும்? கைபேசியின் இயங்குதளத்திலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 2011-இல் வெளியான 4.0 பதிப்பிலிருந்து எல்லாச் செயலிகளும் பகிர்ந்துகொள்ளும் பொதுவான நாள்காட்டிச் சேமிப்பகம் ஒன்றை வைத்திருக்கிறது. ஐபோனிலும் அதுபோல ஒன்று உண்டு. கூகுள் கணக்கிலிருந்து வரும் நிகழ்ச்சிகளும் அலுவலகக் கணக்கிலிருந்து வருபவையும் அந்த ஒரே இடத்தில் வந்து சேர, நமக்குப் பிடித்த எந்த நாள்காட்டிச் செயலியும் அங்கிருந்து எடுத்துக் காட்டலாம். முகப்புத் திரையின் சிறு கட்டமும் கைக்கடிகாரமும்கூட அதைப் படிக்கின்றன. இதை நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டுக் கூடத்தில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால் அதில் வட்டம் போட்டு வைக்கிறோம். பால் கணக்கும் எரிவாயு வந்த நாளும் அதே தாளில்தான் இருக்கின்றன. வருகிற பத்திரிகைகளையெல்லாம் வாங்கி வைப்பவர் தமக்கென்று தனியாக ஒரு காலண்டரை அறைக்குள் மாட்டிக்கொண்டால், வீட்டில் மற்றவர்களுக்கு எது என்றைக்கு என்று தெரியாமல் போகும். மின்னஞ்சல் செயலி தன் சொந்தச் சேமிப்பகத்தில் நாள்காட்டியை வைத்துக்கொள்ளும்போது ஏற்படும் இடைஞ்சல் இதுதான்.

ஒரு நாள்காட்டியைச் சொந்தமாகக் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பதும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. மாதத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டுவது எளிது. திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சிகளைச் சரியாகக் கணக்கிடுவதுதான் கடினம். லண்டனில் இருக்கும் ஒருவர் ஒவ்வொரு செவ்வாயும் அங்கே காலை 10 மணிக்கு ஒரு கூட்டம் நடத்துகிறார் என்று கொள்வோம். குளிர்காலத்தில் அது சென்னையில் பிற்பகல் 3.30. மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அதன் பிறகு அதே கூட்டம் சென்னையில் 2.30 ஆகிவிடும், அக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடி 3.30-க்குத் திரும்பும். அமெரிக்காவில் கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறு; ஆகவே நியூயார்க்கிலிருந்து ஒருவரும் அதே கூட்டத்தில் சேர்ந்தால், நடுவில் இரண்டு மூன்று வாரங்களுக்கு அவருக்கு மட்டும் நேரம் வேறாக இருக்கும். செயலி இந்தக் கூட்டத்தை வெறும் உலகப் பொது நேரமாகச் சேமித்து வைத்தால் கோடைகாலத்தில் லண்டன்காரருக்கு அது 11 மணி என்று காட்டும். இடத்தின் பெயரோடு சேர்த்துச் சேமித்தால்தான் சரியாக வரும். இதற்கு மேல், ‘இந்த ஒரு வாரம் மட்டும் புதன்கிழமைக்குத் தள்ளிவைக்கிறோம்’ என்ற விதிவிலக்குகள் வரும். ‘இனிமேல் வரும் கூட்டங்கள் எல்லாம் வேறு அறையில்’ என்ற திருத்தங்கள் வரும். இவற்றில் ஒன்று பிசகினாலும் யாரோ ஒருவர் காலியான அறையில் போய் உட்கார்ந்திருப்பார்.

நினைவூட்டலும் அப்படித்தான். மின்னஞ்சல் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. நினைவூட்டல் ஐந்து நிமிடம் தாமதமானால் அது பயனற்றது. மின்கலத்தைச் சேமிப்பதற்காக ஆண்ட்ராய்டு பின்னணியில் ஓடும் செயலிகளை அடிக்கடி உறங்க வைக்கிறது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லியமான நேரத்தில் விழித்தெழுவதற்குச் செயலிகள் தனி அனுமதி பெற வேண்டியிருக்கிறது. அலாரம், நாள்காட்டி போன்ற செயலிகள் இந்த ஒரே வேலைக்காகக் கவனமாக வடிவமைக்கப்படுகின்றன. அஞ்சலை மையமாகக் கொண்ட ஒரு செயலி இதையும் ஓரமாகச் செய்யப் புகுந்தால், அதன் நிரலாளர்களின் நேரம் அஞ்சலிலிருந்துதான் பிடுங்கப்படும்.

தண்டர்பேர்டின் ஆண்ட்ராய்டுப் பதிப்பை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அதில் நாள்காட்டி இல்லாததன் காரணம் புரியும். அது புதிதாக எழுதப்பட்டதன்று. 2008 முதல் வளர்ந்து வந்த கே-9 மெயில் என்ற திறந்தமூலச் செயலி (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய செயலி) 2022-இல் தண்டர்பேர்டோடு இணைந்து, அதிலிருந்து உருவானது. கே-9 மெயிலுக்குத் தெரிந்த மொழிகள் ஐமேப், பாப்3, எஸ்எம்டிபி ஆகியவை. இவை அஞ்சலைப் பெறவும் அனுப்பவும் மட்டுமே உருவானவை. நாள்காட்டி என்ற ஒன்று இருப்பதே இவற்றுக்குத் தெரியாது. நாள்காட்டியைச் சர்வரோடு ஒத்திசைக்க 2007-இல் வகுக்கப்பட்ட கால்டாவ் என்ற முற்றிலும் வேறான நெறிமுறை வேண்டும்; அதற்குத் தனி முகவரி, தனி அமைப்புகள், தனிப் பிழைகள். ஆண்ட்ராய்டில் இந்த வேலையை மட்டுமே செய்யும் டாவ்எக்ஸ்5 என்ற திறந்தமூலச் செயலி ஏற்கெனவே இருக்கிறது. அது சர்வரிலிருந்து நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்து கைபேசியின் பொதுச் சேமிப்பகத்தில் வைக்கும். ஈட்டார் போன்ற ஒரு நாள்காட்டிச் செயலி அதை எடுத்துக் காட்டும். ஆகவே ‘கணினியில் இருக்கிறதே, கைபேசியில் ஏன் இல்லை’ என்று கேட்பவர்களின் ஏக்கம் நியாயமானது என்றாலும், கணினியில் அப்படியொரு பொதுச் சேமிப்பகத்தை எல்லா இயங்குதளங்களிலும் நம்பியிருக்க முடியாது என்ற வேறுபாட்டையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்ளேயே நாள்காட்டி இருப்பது உண்மையாகவே சிறந்த தீர்வாக அமையும் இடங்களும் உண்டு. அவற்றில் முதன்மையானது அலுவலகக் கணக்கு. மைக்ரோசாஃப்ட் 1997-இல் வெளியிட்ட அவுட்லுக் 97 முதலே அஞ்சல், நாள்காட்டி, தொடர்புகள் மூன்றையும் ஒரே சாளரத்தில் வைத்தது. அலுவலக அஞ்சலைக் கையாளும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு கைபேசிகள் பேசும் ஆக்டிவ்சிங்க் நெறிமுறையும் இம்மூன்றையும் ஒரே இணைப்பில் கொண்டுவருகிறது. 2014 டிசம்பரில் அகொம்ப்ளி என்ற மின்னஞ்சல் செயலியை வாங்கிய மைக்ரோசாஃப்ட், அடுத்த மாதமே அதை அவுட்லுக் என்ற பெயரில் கைபேசிகளுக்கு வெளியிட்டது. 2015 பிப்ரவரியில் சன்ரைஸ் என்ற நாள்காட்டிச் செயலியையும் வாங்கி, அதன் வசதிகளை அவுட்லுக்குக்குள் கொண்டுவந்து, 2016-இல் சன்ரைஸை மூடிவிட்டது. சன்ரைஸை விரும்பிப் பயன்படுத்தியவர்களுக்கு அது இழப்பு. நாள் முழுவதும் அழைப்பும் பதிலுமாக வாழும் அலுவலக ஊழியருக்கோ, அஞ்சலை விட்டு வெளியேறாமல் யார் எப்போது ஓய்வாக இருக்கிறார் என்று பார்க்க முடிவது பெரிய வசதி. அலுவலகத் தகவல் சொந்தத் தகவலோடு கலந்துவிடக் கூடாது என்று நிறுவனம் கட்டுப்பாடு விதிக்கும்போது, பொதுச் சேமிப்பகத்தைத் தொடாமல் எல்லாவற்றையும் ஒரே பூட்டிய செயலிக்குள் வைத்திருப்பது தேவையாகவும் ஆகிறது.

தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் மறையாக்கச் சேவைகள் இரண்டாவது விலக்கு. டூட்டா போன்ற மின்னஞ்சல் சேவைகளில் நிகழ்ச்சிகளும் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகின்றன. சர்வராலும் அவற்றைப் படிக்க முடியாது. அப்படிப் பாதுகாத்த தகவலை, அனுமதி பெற்ற எந்தச் செயலியும் படிக்கக்கூடிய பொதுச் சேமிப்பகத்தில் கொட்டினால் பாதுகாத்ததற்கே அர்த்தமில்லை. ஆகவே டூட்டா தன் அஞ்சல் செயலிக்குள்ளேயே நாள்காட்டியை வைத்ததை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

அனுமதி என்ற சொல் வந்துவிட்டதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாள்காட்டி நம்மைப் பற்றி அஞ்சலைவிட அதிகம் சொல்லும். மருத்துவரைப் பார்க்கும் நாளும் குழந்தையின் பள்ளி நேரமும் ஊருக்குப் போகும் தேதியும் அதில் இருக்கின்றன. 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 இதை உணர்ந்து, நிகழ்ச்சிகளைச் சேர்க்க மட்டும் உரிமை தந்து இருப்பவற்றைப் படிக்கவிடாத ஓர் அனுமதியைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டிலும் எந்த அனுமதியும் பெறாமலே, விவரங்கள் நிரப்பிய ‘புது நிகழ்ச்சி’ திரையை ஒரு செயலியால் திறந்துவிட முடியும். இவை அந்தரங்கத்துக்கு நல்லவை. ஆனால் முன்பு சொன்ன திருத்தம், இரத்து ஆகியவற்றைப் பின்தொடர இவை போதமாட்டா. ஆகவே பயனரிடம் காரணத்தைச் சொல்லி, அவர் விரும்பினால் மட்டும் முழு அனுமதி பெறுவதே முறை. மறுத்தால் அழைப்பைத் தெளிவாகக் காட்டுவதோடு செயலி நின்றுவிட வேண்டும்.

அழைப்பைத் தானாகவே நாள்காட்டியில் ஏற்றிவிடுவது இன்னும் ஆபத்தானது. 2016 நவம்பரில் ஆப்பிளின் ஐகிளவுட் சேவைப் பயனர்கள் பலருடைய நாள்காட்டிகளில் மலிவு விலைக் கண்ணாடி, காலணி விளம்பரங்கள் அழைப்பு வடிவில் வந்து குவிந்தன. மறுப்புப் பொத்தானைத் தொட்டால் அதுவே அனுப்பியவனுக்கு, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று காட்டிக்கொடுத்துவிடும். கூகுள் காலண்டரிலும் இதே வழியில் மோசடி இணைப்புகள் நுழைந்தன. தெரிந்தவர் அனுப்பிய அழைப்பை மட்டும் தானாகச் சேர்க்கும் தெரிவைக் கூகுள் பிறகு கொண்டுவந்தது. குப்பை அஞ்சலை வடிகட்டும் அனுபவம் மின்னஞ்சல் செயலிகளுக்கும் சர்வர்களுக்கும் நெடுநாளாக உண்டு. அழைப்பு அந்த வடிகட்டியைத் தாண்டி, பயனரின் கண்ணில் பட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகு நாள்காட்டிக்குப் போவதே பாதுகாப்பு.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஒரு நல்ல கைபேசி மின்னஞ்சல் செயலியிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். அழைப்பு அஞ்சலைத் திறந்ததும் மேலேயே நாள், நம் ஊர் நேரம், இடம், அழைப்பவர் ஆகியவை தெரிய வேண்டும். அனுமதி தந்திருந்தால், அந்த நேரத்தில் பொது நாள்காட்டியில் நமக்கு வேறென்ன இருக்கிறது என்பதையும் இரண்டு வரியில் காட்ட வேண்டும். மாதக் கட்டமோ வாரக் கட்டமோ அதற்குத் தேவையில்லை. வருகிறேன், வரவில்லை, உறுதியில்லை என்ற பொத்தான்களில் ஒன்றைத் தொட்டால் முறையான பதில் சரியான முகவரியிலிருந்து போக வேண்டும். திருத்தம் வந்தால் பழைய குறிப்பே மாற வேண்டும். இரத்து வந்தால் அது நீங்க வேண்டும். தாமதமாக வந்து சேர்ந்த ஒரு பழைய அழைப்பு புதிய நேரத்தை அழித்துவிடக் கூடாது. இவ்வளவையும் சரியாகச் செய்யும் செயலியில், நாள்காட்டி இல்லையே என்ற குறை பெரும்பாலானோருக்குத் தோன்றவே தோன்றாது.

உங்கள் செயலி எப்படி என்று அறிய விரும்பினால், நண்பர் ஒருவரிடம் அவருடைய நாள்காட்டியிலிருந்து உங்களுக்கு ஓர் அழைப்பை அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்றதும் அவருடைய பட்டியலில் உங்கள் நிலை மாறுகிறதா என்று கேளுங்கள். பிறகு நேரத்தை மாற்றி அனுப்பச் சொல்லி, உங்கள் நாள்காட்டியில் ஒரு குறிப்பு இருக்கிறதா, இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியே, அந்தக் குறிப்பு எந்தக் கணக்கின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதையும் நாள்காட்டியின் அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில கைபேசிகளில் புதிய நிகழ்ச்சிகள் எந்தக் கணக்கோடும் சேராமல் கருவியில் மட்டுமே தங்கும்படி அமைந்திருக்கும். அவை எந்தச் சர்வருக்கும் போவதில்லை என்பதால், தனியாகக் காப்புநகல் எடுத்து வைக்காவிட்டால் கைபேசி தொலையும்போது அவையும் சேர்ந்தே தொலைந்துவிடும்.